கடல் விலகிய ஊரில் ஏஞ்சல் மீன்

கடல் ஏஞ்சல் மீனை அடையாளம் காண அதன் கன்னத்தைப் பார்த்தால் போதும். செவுள் மூடியை ஒட்டி, கீழ்மூலையிலிருந்து பின்னோக்கி ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். தட்டையான உடல், சின்ன வாய், கண்ணைப் பறிக்கும் நிறம் எல்லாம் வண்ணத்துப்பூச்சி மீனுக்கும் உண்டு. இந்த முள் மட்டும் அதற்குக் கிடையாது. பொமகாந்திடே என்ற குடும்பப் பெயரும் மூடி, முள் என்னும் இரண்டு கிரேக்கச் சொற்களில் பிறந்ததுதான். வலையால் அள்ளினால் முள் வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளும். பிடுங்கி எடுப்பவர் மீனின் கன்னத்தைக் கிழிப்பார், இல்லாவிட்டால் தன் விரலைக் கிழித்துக்கொள்வார். பழகியவர்கள் வலையைத் தொடுவதில்லை. தண்ணீரோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மீனை ஏந்திவிடுவார்கள்.

மீன் கடையில் 'ஏஞ்சல்' என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது வேறு மீன். நீண்ட துடுப்புகளோடு முக்கோணமாக நிற்கும் அது தென்னமெரிக்க ஆறுகளின் நன்னீர் மீன். நம் ஏரிகளில் பெருகிக் கிடக்கும் ஜிலேபிக் கெண்டைக்கு உறவு. பெயரைத் தவிர இரண்டுக்கும் ஒட்டுமில்லை, பராமரிப்பிலும் ஒப்புமையில்லை. கடல் ஏஞ்சலில் ஏறத்தாழ 90 இனங்கள் உண்டு. சென்ட்ரோபைஜ் என்னும் குள்ள வகைகள் பத்து சென்டிமீட்டரைச் சுற்றியே நின்றுவிடும். பொமகாந்தஸ் என்னும் பெரிய வகைகள் முழங்கை நீளத்தை எட்டும். மன்னார் வளைகுடாவை ஒட்டிய கடலில் பேரரசன் ஏஞ்சல், அரைவட்ட ஏஞ்சல், வளைய ஏஞ்சல் ஆகிய மூன்று பொமகாந்தஸ்களும் உண்டு. மஞ்சள் வால் ஏஞ்சல் என்ற நடுத்தர மீன் இந்தியா, இலங்கை, மாலத்தீவுப் பக்கத்துக்கே உரியது.

பேரரசன் ஏஞ்சலுக்கு ஒரு காலத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. நீல உடலில் மஞ்சள் கோடுகள் கிடையாக ஓடும் பெரிய மீனுக்கு ஜெர்மானிய மீனியலாளர் பிளாக் 1787-இல் 'இம்பெரேட்டர்' என்று பெயரிட்டார். கருநீல உடலில் வெள்ளை வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் குட்டி மீனுக்கு, அவருடைய ஏடுகளை ஷ்னைடர் முடித்து வெளியிட்ட 1801-ஆம் ஆண்டு நூலில், நிகோபார் தீவின் பெயர் சூட்டப்பட்டது. இரண்டும் ஒரே மீனின் இரண்டு வயதுகள் என்பது மிகவும் பிந்தித்தான் உறுதியானது. பார்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. குட்டிக்கும் பெரிதுக்கும் இடையே ஒரு கோடுகூடப் பொருந்தாது.

குட்டி ஏன் வேறு சட்டை போட்டுக்கொள்கிறது? ஆஸ்திரியாவின் கான்ராட் லாரென்ஸ் பவளத்திட்டு மீன்களைத் தொட்டிகளிலும் கடலிலும் கவனித்துவிட்டு, 1963-இல் வெளியிட்ட நூலில் ஒரு விளக்கம் சொன்னார். சுவரொட்டி போல் பளிச்சென்ற நிறம் கொண்ட மீன்கள் தம் இனத்தையே அதிகம் தாக்குகின்றன. நிறம் 'இந்த இடம் என்னுடையது' என்ற அறிவிப்பு. அப்படியானால் பெரிய மீனின் நிறத்தை அணியாத குட்டி, பெரியதின் எல்லைக்குள்ளேயே அடி வாங்காமல் வளரலாம். லாரென்ஸின் கருத்து எல்லாப் பவளத்திட்டு மீன்களுக்கும் செல்லுபடியாகவில்லை. ஆனால் பெரிய ஏஞ்சல்களை வளர்ப்பவர் நாள்தோறும் காணும் நடத்தைக்கு இது நன்றாகவே பொருந்துகிறது: தன்னைப் போல் தோன்றும் மீன்தான் ஏஞ்சலுக்கு முதல் எதிரி. குட்டிகள் பலவும் இன்னொரு வேலையும் செய்கின்றன. பெரிய மீன்களின் தோலில் ஒட்டிய ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று சுத்தம் செய்கின்றன.

கோடுகளின் கதை இதோடு முடியவில்லை. கன்றின் உடலில் ஒரு கருந்திட்டு இருந்தால், மாடான பிறகும் அதே இடத்தில் அதே திட்டு பெரிதாகி நிற்கும். ஏஞ்சல் மீனில் அப்படி நடப்பதில்லை. அரைவட்ட ஏஞ்சலின் குட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கும்போது மூன்று கோடுகள். நான்கு சென்டிமீட்டர் ஆகும்போது பழைய கோடுகளின் இடைவெளியில் புதிய கோடுகள் முளைக்கும். அதன் இருமடங்கு வளர்ந்ததும் மறுபடி முளைக்கும். பெரிய பேரரசன் ஏஞ்சலில் நடப்பது இன்னும் வேடிக்கை. ஒரு கோடு கவட்டைபோல் பிரியும் இடம் உடலின் வழியே மெல்ல நகரும், ஜிப் திறப்பதுபோல. நகர்ந்து முடிந்ததும் ஒரு கோடு இரண்டாகியிருக்கும். உடல் பெருத்தாலும் கோடுகளுக்கு இடையேயான தூரம் மாறுவதில்லை.

ஜப்பானைச் சேர்ந்த ஷிகெரு கோண்டோவும் ரிஹிடோ அசாயும் தொட்டி மீன்களில் இதைத் தொடர்ந்து படம் பிடித்து, 1995-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். கணினியின் தந்தையருள் ஒருவரான ஆலன் டூரிங் 1952-இல் ஒரு கணக்குப் போட்டிருந்தார்: ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் பரவும் இரண்டு பொருள்கள் போதும், சீரான பரப்பில் தாமாகவே கோடும் புள்ளியும் தோன்றிவிடும். ஏஞ்சலின் கோடுகள் நகர்ந்த விதம் அந்தக் கணக்கு முன்சொன்ன விதத்தோடு ஒத்துப்போனது. வரவேற்பறைத் தொட்டியில் ஒரு பேரரசன் வளர்ப்பவரும் இதைக் காணலாம். மாதம் ஒருமுறை மீனின் ஒரே பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, தேதியோடு வைத்துக்கொண்டால் போதும். ஒரு நிபந்தனை: மீன் வளர வேண்டும். இடமும் தீனியும் குறைந்த தொட்டியில் குட்டி நிறம் அரைகுறையாக மாறி, மங்கலாகவே நின்றுவிடுவதும் உண்டு.

கடலில் ஒரு பெரிய ஆண் ஏஞ்சல் ஒன்றிரண்டு பெண்களோடு ஒரு பரப்பை ஆளும். குள்ள வகைகளில் ஓர் ஆணுக்குப் பெண்கள் இன்னும் அதிகம். ஆண் செத்துவிட்டால் பெண்களில் பெரியது சில வாரங்களில் ஆணாக மாறிக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளும். குள்ள ஏஞ்சல்கள் பலவற்றில் உறுதிப்பட்ட உண்மை இது. அதனால் சோடியாக வளர்க்க நினைப்பவர் ஆண் எது பெண் எது என்று கடைக்காரரைக் கேட்டுத் திண்டாட வேண்டியதில்லை. ஒரே இனத்தில் அளவு நன்றாக வேறுபட்ட இரண்டு இளம் குள்ள ஏஞ்சல்களை ஒரே நேரத்தில் விட்டால் பெரியது ஆணின் இடத்தைப் பிடிக்க வாய்ப்பு அதிகம். பெரிய வகைகளில் இந்த ஆசையே வேண்டாம். வீட்டுத் தொட்டியில் ஓர் எல்லைக்குத்தான் இடமுண்டு, இரண்டாவது மீன் ஒளிய இடமிருக்காது.

எல்லை காக்கும் குணத்திலிருந்து இரண்டு நடைமுறைகள் பிறக்கின்றன. சாதுவான மீன்கள் முதலில் தொட்டிக்குள் போக வேண்டும், ஏஞ்சல் கடைசியில். முதலில் போன ஏஞ்சல் தொட்டி முழுவதையும் தன் சொத்தாக்கிக்கொள்ளும். பிறகு வருவது எதுவானாலும் அத்துமீறல்தான். பெரிய மீன் அதட்டும்போது தண்ணீருக்குள்ளிருந்து 'தொம்' என்ற ஒலி கேட்கும். முதன்முறை கேட்பவர் மோட்டாரில் கோளாறு என்று நினைத்துக்கொள்வதுண்டு. ஏற்கெனவே ஏஞ்சல் உள்ள தொட்டியில் புது மீன் விடும் நாளில், வெளிப்பக்கக் கண்ணாடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைப்பார்கள். பழைய ஏஞ்சல் தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டும். அதற்குள் புதியது பொந்து தேடிக்கொள்ளும். இரண்டொரு நாளில் கண்ணாடியை எடுத்துவிட வேண்டும். ஓயாமல் சண்டை போடும் மீனும் நோய்ப்படும்.

தீனி விஷயத்தில்தான் அதிக ஏஞ்சல்கள் வீணாகின்றன. ராண்டல், ஹார்ட்மன் என்ற ஆய்வாளர்கள் கரீபியன் மீன்களின் வயிற்றை அறுத்துப் பார்த்து 1968-இல் எழுதிய கணக்கில், பொமகாந்தஸ் இனங்களின் உணவில் எழுபது சதவீதத்துக்கு மேல் கடற்பஞ்சு. அவற்றின் உறவான ஹோலகாந்தஸில் தொண்ணூற்றைந்துக்கு மேல். கண்ணாடிச் சில்லும் நஞ்சும் நிறைந்த கடற்பஞ்சை வேறு மீன்கள் அதிகம் சீண்டுவதில்லை. ஏஞ்சலும் ஒரே பஞ்சில் வயிற்றை நிரப்பாது. இங்கே ஒரு கடி, அங்கே ஒரு கடி என்று பொழுதெல்லாம் மேயும். குள்ள வகைகள் பாறைமேல் படர்ந்த பாசியை இதே போக்கில் கொறிக்கும். எனவே காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி என்று தங்கமீனுக்குப் போடுவதுபோல் போடக் கூடாது. அதே அளவை நான்கைந்து சிறு வேளைகளாகப் பிரிக்க வேண்டும். கடற்பஞ்சு கலந்த உறைதீனி சென்னைக் கடைகளில் கிடைக்கும். அதோடு காய்ந்த கடற்பாசித் தாளைக் கண்ணாடியில் கவ்வியால் மாட்டி வைக்கலாம், இறாலையும் கணவாயையும் பொடியாக அரிந்து போடலாம், வெந்நீரில் காட்டிய பசலைக்கீரையை இடையிடையே கொடுக்கலாம். தீனி ஒரே வகையாகப் போனால் தலையிலும் பக்கக்கோட்டிலும் தோல் அரித்துக் குழி விழும். உயிருக்கு உடனே ஆபத்தில்லை, ஆனால் அழகு போனது போனதுதான்.

இத்தகைய மீனுக்குத் தண்ணீர் தயாரிக்க வேண்டிய இடம் பெரம்பலூரும் அரியலூரும் என்றால் ஒரு வேடிக்கை இருக்கிறது. அரியலூரிலிருந்து நேர்கிழக்கே கடல் இன்று எண்பது கிலோமீட்டருக்கு மேல்; பெரம்பலூரிலிருந்து நூறு. ஆனால் சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் உள்ளே புகுந்த கடல் இந்த மண்ணின் மேல்தான் கிடந்தது. காரை செம்மண் பள்ளங்களில் அம்மோனைட்டுகளும், கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் படிவத்தில் தடித்த சிப்பிகளும், சாத்தனூரில் கல்லாகிப்போன 18 மீட்டர் மரமும் அந்தக் கடல் விட்டுச் சென்றவை. நிலவியலாளர் பிளான்ஃபோர்டு 1862-இல் இந்தப் பாறை அடுக்குகளை வரைபடமாக்கினார். தொல்லுயிர் ஆய்வாளர் ஸ்டோலிச்கா அவற்றின் சிப்பிகளை விவரித்தார். அந்தக் கடலில் ஏஞ்சல் மீன் நீந்தியதற்குச் சான்று இல்லை. இன்றைய பவளத்திட்டு மீன் குடும்பங்கள் திரளாகத் தலைகாட்டுவது இத்தாலியின் மான்ட்டே போல்காவில் கிடைத்த, சுமார் 5 கோடி ஆண்டுப் பழமையுள்ள படிவங்களில்தான். அதற்குள் இங்கே கடல் வடிந்துவிட்டிருந்தது. அது விட்டுப்போன சுண்ணாம்புக் கல்லை இப்போது சிமென்ட் ஆலைகள் வெட்டியெடுக்கின்றன.

சுண்ணாம்புக் கல் இவ்வளவு கிடைக்கிறதே, நாலு கல்லைத் தொட்டியில் போட்டால் தண்ணீரின் காரத்தன்மை தானே நிற்காதா என்று தோன்றும். நிற்காது. கடல்நீருக்கு வேண்டிய பிஎச் 8.1 முதல் 8.4 வரை. அந்த நிலையில் நீரில் சுண்ணாம்பு ஏற்கெனவே தெவிட்டியிருக்கும், கல் கரையாது. நீர் புளித்து, பிஎச் நன்றாக இறங்கிய பிறகுதான் கரையத் தொடங்கும். அதற்குள் மீனுக்குக் கேடு வந்துவிட்டிருக்கும். சுரங்கக் கல்லில் களிமண்ணும் இரும்பும் வேறு கலந்திருக்கும். படிவங்கள் அங்கேயே கிடப்பதுதான் நல்லது.

தண்ணீரைச் செயற்கை உப்பில்தான் கலக்க வேண்டும். சமையல் உப்பு உதவாது. உப்பளத்தில் உப்பு விளையும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் அதற்கு முன்பே படிந்துபோகும்; மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் நின்றுவிடும். வீட்டுக்கு வருவது வெறும் சோடியம் குளோரைடு. கடல்நீரிலோ லிட்டருக்குச் சுமார் 410 மில்லிகிராம் கால்சியமும் 1,290 மில்லிகிராம் மக்னீசியமும் இருக்க வேண்டும். மீன்வளர்ப்புக்கென விற்கும் கலவை உப்பு லிட்டருக்கு ஏறக்குறைய 36 கிராம் தேவைப்படும். 400 லிட்டர் தொட்டிக்குப் பதினான்கரை கிலோ. கரைக்கும் நீர் ஆழ்துளைக் கிணற்று நீராக இருக்கக் கூடாது. சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறிய நீரின் கடினத்தன்மை கலவையின் கணக்கைக் கெடுக்கும், வயல் உரத்தின் நைட்ரேட்டும் சேர்ந்து வரலாம். ஆர்ஓ நீர்தான் வழி. அது கழித்துவிடும் நீரை, உப்பு அளவைப் பார்த்து, வாசல் கழுவவும் தென்னைக்கும் திருப்பலாம்.

பாறைக்கும் சிமென்ட்தான் கைகொடுக்கிறது. கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து பவளமோ பாறையோ எடுத்து வருவது குற்றம். விற்பனைக்கு வந்தாலும் வாங்கக் கூடாது. சிமென்டும் ஆற்று மணலும் கல்லுப்பும் பிசைந்து, பொந்தும் பாலமுமாகக் கையால் பிடித்து உலர்த்தினால் பாறை தயார். நீரில் போட்டதும் கல்லுப்பு கரைந்து சல்லடைபோல் துளைகள் விழும். பாக்டீரியா குடியிருக்க அந்தத் துளைகள்தான் வீடு. புதுச் சிமென்ட் நீரின் பிஎச்சைப் 11-க்கு மேலே தூக்கிவிடும். ஆகவே பாறையைத் தனித் தொட்டியில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிப் பல வாரம் காத்திருக்க வேண்டும். ஊறிய நீர் 8.4-க்கு மேல் காட்டாதபோதுதான் தொட்டிக்குள் இறக்கலாம்.

அதற்குப் பிறகும் மீன் வாங்கும் நேரம் வந்துவிடாது. மீனின் கழிவு அம்மோனியா. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இரண்டும் பாறையில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் இல்லாமலே சிறிதளவு அம்மோனியா விட்டு, சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரே நாளில் பூச்சியமாகும்வரை பார்த்திருக்க வேண்டும். ஏஞ்சல்கள் புதுத் தொட்டியில் தாக்குப்பிடிப்பதில்லை. பாசி படர்ந்து ஆறு மாதமாவது ஓடிய தொட்டியே நல்லது. குள்ள வகைக்கு 200 முதல் 250 லிட்டர் போதும். பேரரசன் போன்றவற்றுக்கு ஆயிரம் லிட்டருக்கு அருகில் வேண்டும். சின்னக் குட்டியாக வாங்கினாலும் அதன் வருங்காலத்துக்குத்தான் கண்ணாடி வாங்க வேண்டும்.

பெரம்பலூர் மேமாதத்தில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். மீனுக்கு வேண்டியது 24 முதல் 27. சூடு நேரடியாகக் கொல்வதைவிட மூச்சைத்தான் முதலில் பிடிக்கும். 25 டிகிரி கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும்; 32 டிகிரியில் 6 மட்டுமே. மீனுக்கோ சூட்டில் தேவை கூடும். மூடியைத் திறந்து நீர்மேல் ஒரு சிறு மின்விசிறி வீசினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாதல் தரும் குளிர்ச்சி இது. மண்பானை நீர் குளிர்வதும் இப்படித்தான். காற்று ஈரமாக இருக்கும் சென்னையை விட, உலர் காற்றடிக்கும் உள்மாவட்டத்தில் இந்த உத்தி நன்றாகப் பலிக்கும். கடற்கரையை விட்டுத் தள்ளியிருப்பதில் கிடைக்கும் ஒரே ஆதாயம் இதுதான். அதற்கும் மேல் சூடேறினால் குளிரூட்டும் கருவியைத் தவிர வேறு வழியில்லை.

ஆவியாகிப் போவது நீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே நிற்கும். 400 லிட்டர் தொட்டி நாளைக்கு 4 லிட்டர் இழந்தால், ஒரு வாரத்தில் ஆயிரத்துக்கு 35 என்ற உப்பளவு 37.6 ஆகிவிடும். கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடுவரை உப்பில்லாத ஆர்ஓ நீரை விட்டுவந்தால் இந்தத் தொல்லை இல்லை. உப்புநீர் விட்டு நிரப்புவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவது தனி வேலை. அப்போது மட்டும் உப்பு கலந்த நீர். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் காற்றுக்குழாய் கட்டாயம். மூடிய வடிகட்டி சில மணி நேரம் நின்றுபோனால் உள்ளே பாக்டீரியா மூச்சுமுட்டிச் சாகும். மின்சாரம் வந்ததும் அந்தத் தேங்கிய நீரை வாளியில் கொட்டிவிட்டுத்தான் மீண்டும் இணைக்க வேண்டும்.

வெண்புள்ளி நோய் ஏஞ்சலின் பழக்கத்தையே அதற்கு எதிராகத் திருப்புகிறது. கிரிப்டோகேரியன் என்ற ஒட்டுண்ணி மீன்மேல் சில நாட்கள் தின்று கொழுத்து, பெரும்பாலும் இருட்டில் உதிரும். மணலிலோ பாறையிலோ ஒட்டி, கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பிரிந்து, மறுபடி விடியலுக்கு முன்னதான இருளில் வெளிவரும். ஏஞ்சல் இரவுதோறும் ஒரே பொந்தில் உறங்கும். நேற்று உதிர்ந்தவை அந்தப் பொந்தின் தரையில் கிடக்கும். வெளிவரும்போது நேர்மேலே தூங்கும் மீன். கடலில் நீரோட்டம் அவற்றை அடித்துக்கொண்டு போகும், தொட்டியில் போக இடமில்லை. ஆகையால் புள்ளிகள் இன்று மறைந்தால் நோய் போய்விட்டதாக ஆகாது. மருந்தாகப் பயன்படும் செம்பைப் பாறைத் தொட்டியில் விட்டால் சுண்ணாம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். குள்ள ஏஞ்சல்களுக்குச் செம்பே ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. கூடு கட்டியவை வெளிவரக் குறைந்தது மூன்று நாள் ஆகும் என்பதை வைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை, கழுவி உலர்த்திய வேறு தொட்டிக்கு மீனை மாற்றிக்கொண்டே போவது மருந்தில்லாத வழி. நான்கைந்து மாற்றத்தில் மீன் தெளிந்துவிடும். பெரிய தொட்டியை இரண்டரை மாதம் மீனின்றிப் போட வேண்டும். துடுப்பில் பூக்கோசுபோல் வெள்ளையாக மொட்டு வருவது வேறு, அது லிம்போசிஸ்டிஸ் என்னும் வைரஸ் நோய். நல்ல தீனியில் தானே உதிரும், மருந்து தேவையில்லை.

வாங்கும்போது கடையில் தீனி போடச் சொல்லிப் பார்க்க வேண்டும். கடற்பாசியைக் கொத்தாத மீனை விட்டுவிடுவது மேல். பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா பக்கங்களில் சயனைடு கரைசல் பீய்ச்சி மயக்கிப் பிடித்த மீன்கள் நன்றாகத் தின்றுகொண்டே சில வாரங்களில் இறப்பது இந்தத் தொழிலின் பழைய சாபம். தொட்டியில் பிறந்த ஏஞ்சல் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கலாம். ஆனால் அதைப் பொரித்து வளர்ப்பது எளிதல்ல. மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் பெருக்கிக் காட்டிய கோமாளி மீன் சில மில்லிமீட்டரில் பொரிந்து உடனே இரை தேடும். ஏஞ்சலின் முட்டையோ ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது. மாலை மங்கும் நேரத்தில் நீரில் மிதக்க விடப்பட்டு, ஒரு நாளைக்குள் பொரிந்து, வாயில்லாத துரும்பாக வெளிவரும். அதற்கேற்ற நுண்ணிரையைக் கண்டுபிடித்த பிறகே ஹவாயில் ஃபிராங்க் பேன்ஷ் 2000-களின் தொடக்கத்தில் குள்ள ஏஞ்சல்களை வளர்த்தெடுத்தார். பாலித் தீவில் பெரிய வகைகளும் இப்போது பிறக்கின்றன.

சென்னையிலிருந்து பெரம்பலூருக்குப் பையில் மீன் ஐந்தாறு மணி நேரம் வரும். மூடிய பையில் மீன் விடும் கரியமிலவாயு சேர்ந்து பிஎச்சைத் தாழ்த்தும். அதே பையில் அம்மோனியாவும் சேரும். தாழ்ந்த பிஎச்சில் அது பெரும்பாலும் நஞ்சற்ற அம்மோனியமாக அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்த கணத்தில் கரியமிலவாயு பறந்து, பிஎச் ஏறி, அதே அம்மோனியாவின் நஞ்சு பத்து மடங்குக்கு மேல் கூடும். ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைப் பைக்குள் விடும் பழக்கம் அப்போதுதான் மீனைச் சாகடிக்கிறது. பையைத் திறக்காமல் இருபது நிமிடம், புது மீனை முதலில் தனியே வைத்துப் பார்க்கும் தனிமைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்க வேண்டும். கடையின் உப்பளவை முன்கூட்டியே கேட்டுத் தனிமைத் தொட்டியையும் அதே அளவில் வைத்திருந்தால், பை நீரை வாளிக்கு ஊற்றி மீனை டப்பாவில் ஏந்தி உடனே இறக்கிவிடலாம். முதல் நாள் விளக்கு வேண்டாம், பொந்துக்கு ஒரு பிவிசி குழாய்த் துண்டு போதும். நான்கு முதல் ஆறு வாரம் அங்கே தின்று தேறிய மீன் பெரிய தொட்டிக்குப் போகும். அங்கே பதினைந்து ஆண்டுக்கு மேலும் அது வாழக்கூடும். வளர்ப்பவருக்குப் பணிமாற்றம் வந்தால் மீனும் மாற வேண்டியிருக்கும். அப்போது கைமாற்ற ஆள் இல்லாவிட்டால் ஏரியில் விடலாம் என்ற யோசனை சிலருக்கு வரும். நன்னீரில் அது ஒரு நாளும் தாங்காது.